கத்தரிக்கோலைத் தவிர வேறு மருந்தில்லை

செப்ரெம்பர் கடைசி வாரம். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பின்வளவு. மரவேலியோடு ஒட்டி நான்கு கஞ்சாச் செடிகள் ஆளுயரம் தாண்டி நிற்கின்றன. காலை ஒன்பதரை ஆகியும் இலைகளில் பனி காயவில்லை. பக்கத்து வளவு மேப்பிள் மரம் காலை வெயிலை முழுக்க மறித்துவிடுகிறது. வீட்டுக்கார அண்ணை முதற் செடியின் கிளையொன்றைத் தாழ்த்திப் பிடித்துக் காட்டினார். உள்ளங்கை நீளப் பூங்கொத்து. அதில் ஒரேயொரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி, அடியில் கருகியிருந்தது. சுற்றியிருந்த எல்லாம் பச்சை.

"இந்த ஒரு இலையைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன் தம்பி. வெயில் சுட்டதோ எண்டு நினைச்சன்."

இலையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் கையோடு வந்தது. வெயிலில் கருகிய இலை அப்படி வராது, காம்பு செடியை விடாது. பூங்கொத்தை இரண்டு பெருவிரலாலும் மெல்ல விரித்தால், நடுக்காம்பு பழுப்பாகிக் கூழாகியிருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் படலம். மூச்சுப் பட்டதும் அதிலிருந்து மெல்லிய தூசு எழும்பியது. அவ்வளவும் வித்திகள்.

பொட்ரைற்றிஸ் சினேரியா. சாம்பல் பூஞ்சணம். குளிர்சாதனப் பெட்டியில் மறந்துபோன ஸ்ரோபெரியில் படர்வதும், நயாகராத் திராட்சைத் தோட்டக்காரர்கள் அறுவடைக் காலத்தில் அஞ்சுவதும் இதுதான். இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்களில் வாழக்கூடியது. கஞ்சாவில் இது உள்ளிருந்து தொடங்குவதுதான் கொடுமை. பூ நெருக்கமாகத் திரண்டிருப்பதால் நடுவில் காற்றுப் போகாது. இரவில் இறங்கிய பனி வெளிப்பக்கம் காய்ந்தாலும் உள்ளே காயாது. ஈரம் சில மணி நேரம் விடாமல் நின்றாலே போதும், வித்தி முளைத்துவிடும். கடும் வெப்பம் இதற்கு ஆகாது, இருபது பாகை செல்சியஸை ஒட்டிய குளுமைதான் பிடிக்கும். ஒன்ராறியோவில் பகல் குறையத் தொடங்கும் ஓகஸ்ற்றில் செடி பூக்கத் தொடங்கி, செப்ரெம்பர் இறுதியிலும் ஒக்ரோபரிலும் முற்றுகிறது. பூ ஆகக் கனமாக இருக்கும் நாட்களும் பனி ஆகக் கடுமையாக இறங்கும் நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. வெளியில் வளர்ப்பவர்களின் தலைவலி அத்தனையும் இந்த ஒரு பொருத்தத்தில் இருக்கிறது.

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் இது சட்டப்படியான பயிர். ஒன்ராறியோவில் நான்கு செடி என்பது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. பக்கத்துக் கியூபெக்கில் வீட்டில் ஒரு செடிகூட வைக்க முடியாது. மாகாணத்தின் அந்தத் தடை செல்லும் என்று 2023 இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த வீட்டில் செடி வந்தது அண்ணையின் மனைவியான அக்காவுக்காக. புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிய நாட்களில் அவருக்கு ஒரு வாய் கஞ்சிகூட வயிற்றில் தங்குவதில்லை. குமட்டலுக்கு மாத்திரை போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். சூடாக்கி ஆவியை இழுக்கும் சின்னக் கருவியொன்றில் இரண்டு இழுப்பு இழுத்தால் கொஞ்சம் அடங்குகிறதாம். நான் அன்று பார்த்த ஒவ்வொன்றையும் இதை மனதில் வைத்துத்தான் பார்த்தேன். அழுகின செடியை எவ்வளவு மீட்கலாம் என்ற கணக்கு இந்த வீட்டில் இரண்டாம்பட்சம்.

பனி காயும்வரை கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம் என்றேன். ஈரச் செடியில் வெட்டினால் வெட்டுவாயே அடுத்த தொற்றுக்கு வாசலாகிவிடும். மத்தியானம் கடந்து தொடங்கினோம். முதலில் ஒரு பொலித்தீன் பையை நோய்ப்பட்ட பூவின் மேல் கவிழ்த்து, வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் கீழே வெட்ட வேண்டும். பலர் வெட்டிவிட்டுப் பையைத் தேடுவார்கள். அதற்குள் அந்தச் சாம்பல் தூசு மற்றச் செடிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

எங்கே வெட்டுவது என்பதைச் செடியே காட்டும். முதல் வெட்டின் முகத்தை அண்ணையிடம் திருப்பிக் காட்டினேன். வெளிப்பட்டை பச்சையாகவே இருந்தது, நடுவில் மட்டும் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம். இரண்டு விரற்கடை கீழே இறங்கி மறுபடி வெட்டினோம். வட்டம் சுருங்கிப் புள்ளியாகியிருந்தது. இன்னும் கீழே வெட்டியபோது நடுப்பகுதி வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அதற்கும் ஒரு கணு கீழே போய் நிறுத்தினோம். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரிக்கோல் அலகை எழுபது வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்தோம். பையை முடிந்து நேரே குப்பைக்கு. பசளைக் குவியலில் போட்டால் அடுத்த வருடம் அதையே நாம் தோட்டத்துக்குக் கொண்டுவந்து கொட்டுவோம்.

இரண்டாவது செடியில் பூக்கள் நன்றாக இருந்தன. ஆனால் ஒரு பக்கக் கிளை மாத்திரம் நடுப்பகலில் துவண்டு தொங்கியது. பூஞ்சணம் என்று அண்ணை நினைத்து, கிளை பிரியும் இடத்தில் கறுவாத்தூளைக் குழைத்துப் பூசி வைத்திருந்தார். கறுவாவுக்குப் பூஞ்சணத்தைத் தடுக்கும் தன்மை ஆய்வுகூடத்தில் காணப்பட்ட ஒன்றுதான். ஆனால் தண்டுக்குள் இருப்பதை வெளியே பூசியது எப்படி எட்டும்? பூச்சைச் சுரண்டினால் கீழே ஊசி நுழையும் அளவில் ஒரு துளை, வாயில் மரத்தூள் மாதிரி எச்சம் ஒட்டியிருந்தது. கத்தியால் தண்டை நெடுக்காகக் கீறினோம். உள்ளே சுரங்கம் ஓடியிருந்தது, அதன் கடைசியில் பழுப்புத் தலையோடு வெளிறிய புழு. ஐரோப்பியச் சோளத் தண்டுத் துளைப்பான். சோள வயல்களின் எதிரி, கஞ்சாத் தண்டையும் விடாது. அது துளைத்த வழியாக ஈரம் இறங்கி, சுரங்கத்தின் சுவர் முழுக்கக் கறுத்து அழுகத் தொடங்கியிருந்தது. தண்டு அழுகல் என்று பதறுகிற பல இடங்களில் முதற் குற்றவாளி இப்படி ஒரு புழுவாக இருக்கும். சுரங்கம் முடியும் இடத்துக்குக் கீழே கிளையை வெட்டி எடுத்தோம். இதே துளை நடுத்தண்டில் இருந்தால் முழுச் செடியையும் இழக்க வேண்டியதில்லை: கீறிப் புழுவை எடுத்து, அழுகலை உறுதியான பச்சை மரம் தெரியும்வரை சுரண்டி, காயத்தைக் கட்டி மூடாமல் காற்றில் காயவிட்டு, பக்கத்தில் ஒரு தடியை ஊன்றித் தாங்கிவிடலாம். காயத்தை உலர வைப்பதுதான் வைத்தியம்.

மூன்றாவது செடியின் கீழிலைகளில் வெள்ளைத் தூள். சாம்பல் நோய். இது இலையின் மேற்பரப்பில் வாழ்வது. ஆரம்பத்தில் பிடித்தால் பொற்றாசியம் பைகாபனேற் கரைசல் உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் பூத்த பிறகு பூவின் மேல் எதையும் தெளிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நோய் கண்ட கீழிலைகளை அகற்றினோம், காற்றும் நுழைந்தது.

நான்காவது செடிதான் வளவிலேயே பெரியது. போன வருடம் போஞ்சிப் பாத்தி இருந்த இடத்தில் நின்றது. அண்ணைக்கு அதில் தனிப் பெருமை. தூரத்தில் பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. குனிந்து அடித்தண்டைச் சுற்றியிருந்த வைக்கோலை விலக்கினேன். மண்ணுக்கு நாலு விரல் மேலே தண்டு நிறம் வெளுத்து, நனைந்த மட்டையின் பதத்தில் இருந்தது. அதன் மேல் வெள்ளைப் படலம். பக்கத்தில் முறிந்திருந்த ஒரு கீழ்க்கிளையைப் பிளந்தபோது உள்ளே எலிப்புழுக்கை மாதிரிக் கறுத்த, கடினமான உருண்டைகள். நகத்தால் நசுக்க முடியவில்லை.

இது ஸ்கிளெரொற்றீனியா. போஞ்சி, தக்காளி, கனோலா என்று நானூறுக்கும் மேற்பட்ட தாவரங்களைத் தாக்கும் வெள்ளைப் பூஞ்சணம். கறுத்த உருண்டைகள்தான் அதன் சேமிப்பு. மண்ணுக்குள் போனால் பல வருடங்கள் உயிரோடு கிடந்து, குளிர்ந்த ஈரமான ஒரு பருவத்தில் மறுபடி எழும்பும். அடித்தண்டைச் சுற்றி வந்துவிட்ட பிறகு இதற்கு மருந்தில்லை.

அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயாவின்ர போயிலைத் தோட்டத்தில நாற்றுமேடையில இப்பிடித்தான், கண்டு கழுத்தில அழுகி விழும்" என்றார். "ஐயா ஒரு கண்டு விழுந்தால் சுத்தி ஒரு முழத்துக்குப் பிடுங்கிப்போடுவார். எனக்கு அப்ப அந்த ஆளில கோவம் வரும்."

நாற்றுமேடையில் கண்டைக் கழுத்தோடு சாய்ப்பது பெரும்பாலும் பிதியம் என்ற வேறொரு வகை. தண்ணீர் தேங்கிய மண்ணில் வேரையும் தண்டின் அடியையும் அழுகச் செய்வது. நோய் வேறென்றாலும் அந்த யாழ்ப்பாணத்து விவசாயி செய்த காரியம் மிகச் சரி. மண்ணிலிருந்து வரும் அழுகலில் தயங்குகிற ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிக்கு ஆபத்து.

"மேல பூவெல்லாம் நல்லாத்தானே இருக்கு. அதை மட்டும் எடுத்தால் என்ன?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முதல் அக்காவும் வெளியே வந்துவிட்டார். தலையில் கம்பளித் தொப்பி, முகத்தில் நாங்கள் முதலில் வெட்டிப் பையில் போட்டதைப் பற்றிய கவலை. "கனக்கப் போகுது போல இருக்கு தம்பி. ஹைதரசன் பெரொக்சைட்டில கழுவிக் காய வைச்சால் பிழையோ? அப்பிடிச் செய்யிறவையள் இருக்கினமாம்."

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கழுவினால் மேலே தெரியும் படலம் போகும். காம்புக்குள் ஓடிய பூஞ்சண இழை போகாது, அது ஏற்கெனவே சுரந்து வைத்தவையும் போகா. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. செத்த திசு இருக்கும் இடத்துக்கு வேறு பூஞ்சணங்களும் வந்து குடியேறும், அவற்றில் ஆஸ்பெஜில்லஸ் ஒன்று. நல்ல உடம்புக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் நுரையீரலுக்குள் வேரோடிவிடும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர், பூஞ்சணம் பிடித்த கஞ்சாவைப் புகைத்து இந்தத் தொற்றால் இறந்தது 1988 இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. புகைத்தாலோ சூடாக்கினாலோ எல்லா வித்தியும் செத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சொன்னேன்: "அக்கா, உங்களுக்கு இதில ஒரு துண்டும் வேண்டாம். நாலாவது செடியில இருந்து மேல்பூவும் வேண்டாம்."

அவர் கொஞ்சம் நின்றுவிட்டு, "அப்ப பிடுங்குங்கோ" என்று கணவரிடம் சொன்னார்.

வேரோடு தோண்டி, சுற்றியிருந்த மேல்மண்ணையும் வழித்து எடுத்தோம். அந்த இடத்தில் வரும் வருடங்களில் போஞ்சியும் தக்காளியும் கூடாது. இந்தப் பூஞ்சணம் தொடாத சோளம் போடலாம்.

கடையில் விற்கும் பூஞ்சணக்கொல்லியைப் பற்றியும் அண்ணை கேட்டார். கனடாவில் எந்த மருந்தும் இந்தப் பயிருக்கென்றே பதிவு பெற்றிருக்க வேண்டும். காரணம் வெறும் தாள் வேலை அல்ல. மைக்குளோபியூற்றனில் என்ற மருந்து திராட்சைக்குத் தாராளமாக அடிக்கப்படுவது. அதையே கஞ்சாவில் அடித்து எரித்தால் ஹைதரசன் சயனைட் வாயு வெளிவரும். 2016 இறுதியில் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களின் சரக்கிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டு, மருத்துவத் தேவைக்கு வாங்கியவர்களிடமிருந்து பொதிகள் திரும்பப் பெறப்பட்டன. 2019 ஜனவரி முதல் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்கள் 96 பூச்சிகொல்லிப் பொருட்களுக்குப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். வீட்டு வளவில் அப்படிச் சோதிக்க யாரும் இல்லை. றோசாவுக்கு அடிக்கும் போத்தலை இந்தச் செடிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பிறகு நிலக்கீழ் அறைக்கு இறங்கினோம். முந்திய வாரம் அறுத்த சில கிளைகள் கயிற்றில் தலைகீழாகத் தொங்கின. மேலே தப்பிய பூவும் இங்கே கெட்டுப்போகலாம் என்பதைப் பலர் நினைப்பதில்லை. சுவரிலிருந்த ஈரமானி 68 வீதம் காட்டியது. பதினெட்டு முதல் இருபது பாகை வெப்பம், 55 முதல் 60 வீத ஈரப்பதம், மெல்லிய காற்றோட்டம், ஒரு வாரம் தொடக்கம் இரண்டு வாரம் வரை. இதுதான் வேண்டியது. விசிறி நேரே பூவில் அடித்தால் வெளி காய்ந்து உள் ஈரமாகவே இருக்கும். அதை நம்பிப் போத்தலில் அடைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம். தடிமனான பூக்களைத் துண்டாக்கித் தொங்கவிட்டோம். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை மூலையிலிருந்து நடுவுக்கு இழுத்து வைத்தோம். கயிற்றுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனேன். அமோனியா வாசமோ ஊத்தை வாசமோ இல்லை. சின்னக் காம்பு வளைகிறதே தவிர இன்னும் முறியவில்லை. முறியும் சத்தம் கேட்ட பிறகுதான் போத்தல்.

அக்காவிடம் இன்னொன்றும் சொன்னேன். கீமோ முடியும்வரை பூவை இழுக்காமல், பரிசோதிக்கப்பட்ட எண்ணெயை உரிமம் பெற்ற இடத்திலிருந்து வாங்கலாமா, எவ்வளவு எடுக்கலாம் என்று புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள் என்று. விலை கூடத்தான். வரும் செவ்வாய்க்கிழமை சந்திப்பில் கேட்பதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்த வருடத் திட்டத்தை அண்ணை அங்கேயே போட்டுவிட்டார். வேலியோரம் வேண்டாம், காலை வெயில் முதலில் விழும் கராஜ் பக்கம். நான்கு அல்ல, இரண்டு, இடையில் ஆள் தாராளமாகச் சுற்றி வர இடம். ஜூலையில் உள்ளிலைகளைக் களைந்து காற்றுக்கு வழி விடுவது, தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் விடுவது. எல்லாவற்றையும் விட முக்கியமானது விதை: பகல் நீளம் பார்க்காமல் வயதுக்கே பூக்கும் வகையை வாங்கினால், விக்டோரியா நாள் வார இறுதியில் ஊன்றியது ஓகஸ்ற்றில் அறுவடைக்கு வந்துவிடும். விளைச்சல் குறையும். பூவும் சின்னதாகத்தான் வரும். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை, ஏனெனில் சின்னப் பூவின் நடுவுக்கும் காற்றுப் போகும், செப்ரெம்பர்ப் பனி இறங்கும்போது செடியே வளவில் இருக்காது.