பட்டி நாயைத் தேடி

சதுரங்கப்பட்டினத்துக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் நிலத்தில் ஆடு வளர்ப்பவருக்கு ஒரு நாய் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பண்ணைவீடு கட்டி நாலு ஆடு மாடு வைத்துக்கொள்ளும் புதியவருக்கும் வேண்டும். மந்தைக்கு நாய் என்றதும் இந்தப் புதியவரின் மனம் ஜெர்மன் ஷெப்பர்டையோ பார்டர் கோலியையோதான் நினைக்கிறது. கையில் பணம் இருந்தால் குட்டியை விலைகொடுத்து வாங்குகிறார். அதே நேரத்தில் சென்னையில், 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் உட்பட விலங்குக் காப்பகங்களில், தெருவிலிருந்து தூக்கிவந்த நாட்டு நாய்க்குட்டிகள் தத்தெடுக்க ஆளில்லாமல் காத்திருக்கின்றன. தெரு நாய்க்கு மந்தை காக்கும் வம்சம் ஏது என்பதுதான் பொதுவான நினைப்பு. அந்த நினைப்புக்கு ஆதாரம் உண்டா, நம் மண்ணில் ஆட்டுக்காரனோடு நடந்த நாய் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததில், உண்மை நேர் எதிராக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தொண்டை மண்டலத்து மந்தை நாய் என்று ஒன்று இருந்தால், அது இன்று காப்பகத்தில் இருக்கும் அந்த நாட்டு நாய்தான்.

தேடலுக்குக் கிடைக்கும் மிக உறுதியான சான்று ஒரு கல். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, எழுத்து வட்டெழுத்து. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கென்று தனியாக ஒரு வாசகமும் உண்டு: அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று அது சொல்கிறது. மனிதர் பலரின் பெயரே தங்காத காலத்தில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் தங்கிவிட்டது. கர்நாடகத்தில் ஆதகூர்க் கல்லில் காளி என்ற நாய் இருக்கிறது. அது 10-ஆம் நூற்றாண்டில் காட்டுப்பன்றியோடு மோதி மாண்ட வேட்டை நாய். கோவிவனின் வேலை வேறு. அது எருமைகளைத் துரத்தியதாகவோ மடக்கியதாகவோ கல் சொல்லவில்லை. கள்ளனைக் கடித்தது, காவல் நின்றது என்றுதான் சொல்கிறது. இந்த மகேந்திரவர்மனின் மகன்தான் மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வாயலூரில் அதே வம்சத்து ராஜசிம்மனின் தூண் கல்வெட்டு இருக்கிறது. ஆகவே எடுத்தனூர்ச் சான்று இந்தக் கடற்கரைக்கு அந்நியமானதில்லை. ஒரே ஆட்சிக்குள், ஒரே மேய்ச்சல் வாழ்க்கைக்குள் அடங்கியது.

ஒரு கல்லை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா என்று கேட்பது நியாயம். ஆனால் செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களில் பல மாடு கவரும் சண்டையில் விழுந்தவர்களுக்கானவை. மந்தைக்கு வந்த பெரிய ஆபத்து திருட்டு என்பது அவற்றிலிருந்து தெளிவு. ஆபத்து எதுவோ அதற்கேற்பத்தான் நாயின் வேலையும் அமையும். இதைப் பிரிட்டனோடு வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். அங்கே மலைச்சரிவுகளில் ஆடுகளை வாரக்கணக்கில் தம்போக்கில் விட்டுவிடுகிறார்கள். மயிர் கத்தரிக்கவும் குட்டிகளைப் பிரிக்கவும் சில நாட்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் திரட்ட வேண்டும். ஒரு மனிதனால் முடியாத அந்த வேலைக்குத்தான் பார்டர் கோலி உருவானது. 1873-இல் வேல்ஸின் பாலாவில் ஆட்டு நாய்ப் போட்டி நடந்தது. 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் வளர்த்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயிலிருந்து இன்றைய கோலிகள் பெருகின. ஜெர்மன் ஷெப்பர்டின் வம்சாவளி ஏடு 1899-இல் தொடங்குகிறது. வேலியில்லாத பயிருக்குள் ஆடு வாய் வைக்காமல் ஓரமாக ஓடி மறிப்பது அதன் முன்னோர்களின் வேலை. செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மறியான மெட்ராஸ் சிவப்புக்குக் கத்தரிக்கும் கம்பளி மயிர் கிடையாது. காலையில் பட்டி திறந்தால் ஆட்டுக்காரர் தொரட்டியோடு கூடவே நடக்கிறார், கருவேலங்காய் உலுக்கிப் போடுகிறார், குரல் கொடுத்தே மடக்குகிறார், பொழுது சாயப் பட்டியில் அடைக்கிறார். பகலில் நாய்க்கு வேலை குறைவு. அதன் வேலை இருட்டிய பிறகு தொடங்குகிறது. ஆக, நம் ஊரில் கோலி போன்ற ஒரு இனம் உருவாகாதது குறை ஆகாது. இங்கே அதற்குத் தேவை இருக்கவில்லை.

காவல் நாய்க்கு வம்சம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. 1833-இல் உருகுவே சமவெளியில் பயணம் செய்த சார்லஸ் டார்வின், மனிதர் யாரும் அருகில் இல்லாமல் பெரிய ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்களைக் கண்டு வியந்து, அவை எப்படி உருவாகின்றன என்று விசாரித்து எழுதிவைத்தார். மிகச் சின்ன வயதிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். ஒரு பெண் ஆட்டைப் பிடித்து நிறுத்தி நாளுக்கு மூன்று நான்கு முறை குட்டிக்குப் பால் ஊட்டுகிறார்கள். பட்டிக்குள்ளேயே ஆட்டு மயிரால் ஒரு படுக்கை. வேறு நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் அதைச் சேரவிடுவதில்லை. வளர்ந்த பிறகு மந்தையை விட்டுப் போக அதற்கு மனமே வருவதில்லை. வட அமெரிக்காவில் நவஹோ மக்களின் ஆட்டு மந்தைகளை ஆராய்ந்த ஹால் பிளாக், ஜெஃப்ரி கிரீன் இருவரும் 1985-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் நேரடியானது. அந்த மந்தைகளைக் கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்குகளிடமிருந்து காத்தவை எந்த ஏட்டிலும் இல்லாத கலப்பு நாய்கள். குட்டியிலேயே பட்டியில் விட்டு, ஆடுகளோடு படுக்கவிட்டு, அவற்றோடு வெளியே போகவிட்டு வளர்த்ததுதான் அவற்றின் தகுதி. நம் ஊர்ப் பட்டியில் பிறந்து பட்டியிலேயே வளரும் குட்டிக்கு நடப்பதும் இதுவேதான்.

பரம்பரைக்கு மதிப்பே இல்லையா என்று நாய் வளர்ப்பவர்கள் கேட்பார்கள். உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. கண்ணால் முறைத்து, உடலைத் தாழ்த்திப் பதுங்கி, கடிக்காமல் ஆட்டை நகர்த்தும் கோலியின் திறமை வேட்டைக் குணத்தைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வடித்தது. எந்தப் பயிற்சியாலும் நாட்டு நாய்க்கு அதை ஊட்ட முடியாது. ஆனால் காவலுக்கு அந்தக் குணம் தேவையே இல்லை, சொல்லப்போனால் இடைஞ்சல். ஆட்டைக் கண்டால் துரத்தத் தோன்றாத நாய்தான் பட்டிக்குள் படுக்கத் தகுந்தது. 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய மரபணு ஆய்வில், தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடுதான் என்று தெரிந்தது. உலக ஊர் நாய்களைப் பற்றிய 2015-ஆம் ஆண்டு ஆய்வில், பல நாடுகளில் ஐரோப்பிய நாய்களின் கலப்பு மிகுந்திருக்க, இந்திய ஊர் நாய்களில் அது மிகக் குறைவாக இருந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பு 2020-இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் இனமாகப் பதிவு செய்தது, மகிழ்ச்சியான செய்திதான். பதிவில் ஏறாத நாட்டு நாய்க்கும் இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. இந்தக் கடற்கரையின் புழுக்கத்தில், மூச்சிரைத்துச் சூடு தணிக்க வேண்டிய ஒரு பிராணிக்கு ஷெப்பர்டு, கோலி போன்றவற்றின் இரட்டை ரோமப் போர்வை எவ்வளவு பெரிய சுமை என்பதையும் குட்டி வாங்கப் போகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு ஒன்று. ஆட்டைக் கொல்வதே தெரு நாய்தானே? 2025-இல் திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் நாய் கடித்துச் செத்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டுச் சாலையில் இறங்கினார்கள். அவர்கள் துயரத்தை லேசாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. இருபது ஆட்டில் ஆறு ஒரே இரவில் செத்தால் அந்தக் குடும்பத்தின் வருமானமே சரிந்துவிடும். ஆனால் ஆட்டைக் கடிக்கும் தெருக் கூட்டத்து நாயும் பட்டியில் வளர்ந்த நாயும் ஒரே தாய்க்குப் பிறந்திருக்கலாம் என்பதே என் வாதத்துக்குப் பலம். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-இல் காட்டியபடி, நாய்க்குட்டி தன் உறவுகளை அறிந்துகொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரை. அந்த நாட்களில் ஆட்டின் வாசனையோடு வளர்ந்தால் ஆடு அதற்கு உறவு. கறிக்கடைக் கழிவைத் தின்று கூட்டத்தோடு திரிந்தால் அதே ஆடு இரை. பட்டியில் நாய் இல்லாத இரவுதான் அந்தக் கூட்டத்துக்கு வசதி. தன் எல்லைக்குள் வேற்று நாயை விடாத ஒரு நாய் உள்ளே நின்றால் கூட்டம் அவ்வளவு எளிதில் நெருங்காது.

இதிலிருந்தே என் வாதத்தின் எல்லையும் தெரியும். காப்பகத்திலிருந்து மூன்று வயது நாயைக் கொண்டுவந்து ஆடுகளுக்கு நடுவில் விட்டால் அது கோவிவன் ஆகிவிடாது. அது வாசலைக் காக்கும், தோட்டத்தைக் காக்கும்; பட்டிக்குள் விடக்கூடாது. பட்டிக்கு வேண்டியது எட்டு வாரக் குட்டி. தெரு நாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவில், விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று இருக்கிறது. பட்டி வைத்திருப்பவரைவிட இந்த நிபந்தனையை நிறைவேற்றத் தகுந்தவர் யார்? நாய்க்கு ஓர் இடம், ஒரு வேலை, தினம் ஒரு வேளைக் கஞ்சியும் கருவாட்டுத் தலையும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து எடுக்கக் கூடாது. ஆட்டை விட்டுவிட்டு ஒன்றோடொன்று விளையாடும். மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, வயது வந்ததும் கருத்தடை. ஆறேழு மாதத்தில் குட்டி ஆடுகளின் காதைக் கவ்வி விளையாடத் தொடங்கும். பலர் பொறுமையிழந்து நாயை விரட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கண்டித்து, கொஞ்ச நாள் கட்டிவைத்து, கடந்துவிட வேண்டும். ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியைத் தின்னவும் பழக்கக் கூடாது.

இந்தக் கரைக்கு மட்டும் உரிய ஒரு பொறுப்பும் உண்டு. தையிலிருந்து பங்குனி வரை இங்கே பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. கட்டுப்பாடின்றித் திரியும் நாய்கள் குழியைத் தோண்டித் தின்றுவிடுகின்றன. ஆமையைக் காக்க நினைப்பவர்கள் நாயை வெறுப்பதில் நியாயம் உண்டு. இரவில் பட்டிப் படலுக்குள் அடைபடும் நாய் கடற்கரைக்குப் போகாது. தத்தெடுப்பு இங்கே ஆமைக்கும் நல்லது. இத்தனையும் கல்லையும் வெளிநாட்டு ஆய்வுகளையும் மட்டும் வைத்துச் சொல்வதாக இருக்கக் கூடாது என்றால் ஒரு வழி இருக்கிறது. இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் மெட்ராஸ் சிவப்பு ஆட்டை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. எந்தக் கிடாய், எத்தனை குட்டி, என்ன எடை என்று ஆடுகளின் கணக்கை எழுதத் தெரிந்த அந்த நிலையம், கடலோர ஊர்ப் பட்டிகள் சிலவற்றில் காப்பகக் குட்டிகளை வளர்க்கக் கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு அங்கே எத்தனை ஆடுகள் நாய்க்கும் திருட்டுக்கும் பலியாகின்றன என்பதையும் அந்த ஏட்டிலேயே எழுதத் தொடங்கலாம்.