இழுபடும் வண்டியின் இருக்கை

நல்ல நிலையிலுள்ள ஒரு காரை இன்னொரு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வது இந்தியச் சாலை ஒழுங்குவிதிகளை வகுத்தவர்களின் கற்பனைக்குள் வரவே இல்லை. 1989ஆம் ஆண்டின் விதிகள், சிற்சில விலக்குகள் நீங்கலாக, இயந்திரம் பழுதான வண்டி, முழுமையாகப் பூட்டப்படாத வண்டி, பதிவு பெற்ற டிரெய்லர், சைடுகார் ஆகியவற்றை மட்டுமே இழுக்கலாம் என்றன. இரண்டு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டலாகாது என்றிருந்தது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது என்றும் இருந்தது. இழுபடும் வண்டியின் பின்புறம், வெள்ளைப் பரப்பில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில், ‘ஆன் டோ’ என்று எழுதியிருக்க வேண்டியிருந்தது. இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று: முன்சக்கரங்களைக் கிரேன் தூக்கிப் பிடித்திருந்தாலொழிய, இழுபடும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும் என்றன அவ்விதிகள்.

அந்த இருக்கையைப் பற்றியதே இந்தப் பதிவு.

செகந்தராபாத்தின் வடக்கே போவன்பள்ளி வழியாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் சாலை. (தெலுங்கில் இவ்வூர் போயின்பல்லி. ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே வந்ததால் தமிழில் அது போவன்பள்ளி ஆயிற்று.) காய்கறிச் சந்தைக்கு வரும் லாரிகளும் நகரப் பேருந்துகளும் நெருக்கும் அச்சாலையில், நைலான் கயிற்றாலோ சங்கிலியாலோ பிணைக்கப்பட்ட இரண்டு வண்டிகள் ஊர்ந்து செல்வதைக் காண்பது அரிதன்று. பார்ப்பவர் கண் முன்வண்டியில் நிற்கும். பிறகு கயிற்றுக்குப் போகும். பின்வண்டியில் இருப்பவரை எவரும் கவனிப்பதில்லை.

அமெரிக்காவில் இதே செயல் வேறொரு பொருள் கொள்கிறது. அங்கே பத்து மீட்டர் நீள மோட்டார் வீட்டில் ஊர் சுற்றுவோர், நல்ல நிலையிலுள்ள தம் சிறிய காரை நான்கு சக்கரமும் தரையில் உருள, பின்னால் கட்டிக்கொண்டு போகிறார்கள். முகாமில் வீட்டை நிறுத்திய பிறகு ஒரு பாக்கெட் பால் வாங்க வீட்டையே கிளப்பிக்கொண்டு போக முடியாது அல்லவா? அந்தக் காரை அவர்கள் ‘டிங்கி’ என்கிறார்கள். பெரிய கப்பலோடு செல்லும் சிறுபடகின் பெயர் அது. ஆங்கிலத்துக்கு இந்திய மொழிகளிலிருந்து போன சொல். ‘டோட்’ என்றும் சொல்வதுண்டு. இழுக்கப்பட்டது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் தேரையைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. அதில் விளைந்த வேடிக்கை. தமிழில் இந்த வேடிக்கைக்கு இடமில்லை. அடிபடு, வதைபடு, இழுபடு என நம் ‘படு’வில் துன்பம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

பெரிய வண்டியின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பாரசீகத்தின் ‘கார்வான்’ ஐரோப்பாவைச் சுற்றி ஆங்கிலம் வழியாக வந்து, தமிழ்த் திரையுலகில் நடிகர் ஓய்வெடுக்கும் ‘கேரவன்’ ஆனது. அதன் வால் அறுந்து ‘வேன்’ ஆனது. அதே சொல் ஐரோப்பாவைச் சுற்றாமல் நேராக வந்து, கோல்கொண்டாவுக்கு அருகே ‘கார்வான்’ என்னும் பகுதியின் பெயராக நிலைத்திருக்கிறது. போவன்பள்ளியிலிருந்து அது வெகு தூரமில்லை.

பின்னால் கட்டும் கார் சிறிய ஸ்போர்ட்ஸ் காராக இருந்தால் எடை குறைவு என்பது வசதி. 1989இல் வந்த முதல் மாஸ்டா மியாட்டா ஏறத்தாழ ஒரு டன்தான். ஆனால் எடை குறைந்த எந்தக் காரையும் கட்டிவிடலாம் என்பது பிழை. ‘நியூட்ரல்’ என்னும் சொல் இங்கே ஏமாற்றுகிறது. கியரை நியூட்ரலில் போட்டாலும், சக்கரம் உருளும்போது அதனோடு இணைந்த தண்டு பெட்டிக்குள் சுழன்றுகொண்டேதான் இருக்கும். பின்சக்கர இயக்கமுள்ள பல மேனுவல் கார்களில், எண்ணெயை மேலே வாரியிறைப்பது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கீழ்த்தண்டின் பல்சக்கரங்கள். எஞ்சின் நின்றிருந்தால் அவையும் நின்றுவிடும்; மேலே வெளித்தண்டு மட்டும் எண்ணெயின்றிச் சுழலும். நூறு கிலோமீட்டர் போவதற்குள் உள்ளே என்ன ஆகும் என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார். முன்சக்கர இயக்கமுள்ள மேனுவல் கார்கள் பலவற்றில் இறுதிப் பல்சக்கரம் எண்ணெயில் மூழ்கியபடி சக்கரங்களோடு சுழல்வதால் அவை தப்பிக்கின்றன. ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் எண்ணெய்ப் பம்பை ஓட்டுவதே எஞ்சின் என்பதால் பெரும்பாலானவை தாங்குவதில்லை. காரின் கையேடு அனுமதித்தாலன்றிக் கட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. விற்பனையாளர் சொல் இதில் போதாது.

இவ்வளவு பார்த்துக் கட்டினாலும், கார் தானாக நிற்காதே? அங்கே ஓட்டுநர் இருக்கை காலி. அதன் முன் ஒரு பெட்டியை வைத்து, பிரேக் மிதியைப் பற்றும் கையொன்றைப் பூட்டுகிறார்கள். முன்வண்டி வேகம் தணிவதை உணர்ந்து பெட்டி மிதியை அழுத்தும். இணைப்பு அறுந்தால் ஒரு கம்பி இழுபட்டு முழு பிரேக் விழும். இணைப்பும் கயிறு அன்று, முக்கோண இரும்புச் சட்டம். அது தள்ளுவதையும் தாங்கும், இழுப்பதையும் தாங்கும். பின்னோக்கி எடுப்பதைத்தான் தாங்காது. காரின் முன்சக்கரங்கள் தம்போக்கில் திரும்பி முறுக்கிக்கொள்ளும்.

போவன்பள்ளிச் சாலையில் அந்தப் பெட்டியின் வேலையை ஒரு மனிதர் செய்கிறார். பெரும்பாலும் பட்டறையின் கையாள். தலைமை மெக்கானிக் ‘உஸ்தாத்’ என்றால் இவர் ‘சோட்டு’. உரிமம் இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. வேலையோ முன்னால் ஓட்டுபவருடையதைவிடக் கடினமானது. எஞ்சின் ஓடாததால் பிரேக்குக்கு வெற்றிடத் துணையில்லை. இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் கனக்கும். சாவியைத் திருப்பி வைக்க மறந்தால் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கயிறு இழுக்க மட்டுமே அறியும், நிறுத்த அறியாது. ஆகவே இரண்டு வண்டிகளையும் நிறுத்துவது உண்மையில் பின்னவரின் கால்தான். கயிறு தொய்யாமல் எப்போதும் மெல்ல பிரேக் பிடித்தபடி வர வேண்டும். தொய்ந்த கயிறு சக்கரத்தில் சுற்றும். அல்லது முன்வண்டி மறுபடி நகரும்போது வெட்டி இழுத்து அறும். அறுந்த முனை கண்ணாடியை நோக்கித்தான் வரும்.

முன்வண்டியின் பிரேக் விளக்கைத் தவிர அவருக்கு வரும் செய்தி வேறில்லை. அதிலும் ஒரு விளக்கு எரியாமலிருப்பது நம் ஊரில் சாதாரணம். எதிரே ஐந்து மீட்டரில் ஒரு லாரியின் பின்கதவு. அதற்கப்பால் சாலை தெரியாது. அவர் செய்தி சொல்ல ஹாரன் உண்டு, மின்கலம் உயிரோடிருந்தால். அதுவும் போயிருந்தால் கையை வெளியே நீட்டி ஆட்ட வேண்டும். முன்னவர் பக்கக் கண்ணாடியில் அதற்காகவே ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.