பெயரெச்சமும் ஆங்கில வாக்கியமும்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் இடறும் இடங்கள் பல. அவற்றுள் முதன்மையானது ‘ஹூ’, ‘விச்’, ‘ஹூம்’, ‘ஹூஸ்’ என்னும் இணைப்புச் சொற்களின் ஆட்சியாகும். கண்டியில் நம்மிடம் கற்கும் மாணவர், நகரத்தவராயினும் தோட்டப்புறத்தவராயினும், விதிகளை ஒப்புவிப்பதில் வல்லவரே. வாக்கியம் எழுதும்போதுதான் தடுமாறுகின்றனர். அதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, தாய்மொழியின் போக்கேயாம்.

‘நம்முடன் பேராதனைக்குப் போன மாணவன்’, ‘நாம் போன பஸ்’, ‘நாம் போன வழி’, ‘நாம் போன நாள்’ என்னும் தொடர்களைக் காண்க. நான்கிலும் ‘போன’ என்னும் ஒரே பெயரெச்சம் நிற்கின்றது. மாணவன் போனவன், பஸ் போவதற்குக் கருவி, வழி இடம், நாள் காலம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறன் பெயரையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்தார். உறவு இன்னதென்று தமிழ் வெளிப்படச் சொல்வதில்லை. கேட்போரின் அறிவுக்கே விட்டுவிடும். நம் அயலவர் பேசும் சிங்களமும் வருணனையைப் பெயருக்கு முன்னரே வைக்கின்றது.

ஆங்கிலமோ பெயரை முதலில் நிறுத்திவிட்டு, வருணனையைப் பின்னால் கொணரும். உறவையும் சொல்லியே தீரும். மாணவனுக்கு ‘ஹூ’, பஸ்ஸுக்கு ‘இன் விச்’, வழிக்கு ‘பை விச்’, நாளுக்கு ‘ஆன் விச்’.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. தொடரை இரண்டு வாக்கியங்களாகப் பிரிக்க வேண்டும்: ‘இது பஸ். நாம் இதில் போனோம்.’ இரண்டாம் வாக்கியத்திலுள்ள ‘இதில்’ என்பதே ‘இன் விச்’ ஆக மாறி முன்னே வருகின்றது. மாறிய சொல் மீண்டும் ஈற்றில் வருதல் கூடாது. ‘தி மேன் ஹூம் வி ஸா’ என்பதன் பின் ‘ஹிம்’ என்று சேர்ப்போரின் பிழை இதனால் நீங்கும்.

இஃது பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் கற்கும் பாடமன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினர்க்கும், அவ்வாறு வாழ்ந்துவரும் ஒருவரின் வழித்தோன்றலாய் இந்நாட்டில் வசிப்போர்க்கும் குடியுரிமை வழங்கியது. 1964 முதல் என்னும் நிபந்தனை எவரைத் தழுவுகின்றது? வழித்தோன்றலையன்று, அவருடைய முன்னோரையே. 1980இல் பிறந்த பேரன், ‘1964இல் நான் பிறக்கவேயில்லையே!’ என்று மயங்க வேண்டுவதில்லை. பாட்டனின் வாழ்வே அவனுக்குச் சான்று. ஆங்கில வாசகத்தில் ‘ஹூ’ எந்தப் பெயரைப் பற்றி நிற்கின்றது என்று காணத் தெரிந்தவனுக்கு இம்மயக்கம் எழாது.

ஆதலின், பெற்றோரே, மாலையில் பிள்ளைகள் ஆங்கிலப் பாடம் படிக்கையில் ஒரு நீண்ட வாக்கியத்தைக் காட்டி, ‘இந்த ஹூ யாரைச் சுட்டுகின்றது?’ என்று வினவுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டுவதில்லை. விடை சொல்ல முயலும் பிள்ளை, அம்முயற்சியிலேயே பாடத்தைக் கற்றுவிடும்.