கட்டிலுக்கடியில் இருந்த புத்தகங்கள்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் திருவள்ளூரைத் தாண்டிச் சென்றால் எங்கள் திருவாலங்காடு வரும். இரத்தின சபையாலும் காரைக்கால் அம்மையாராலும் இவ்வூரைப் பலர் அறிவர். இங்கே சிறுகதை எழுதும் முஸ்லிம் ஒருவன் இருக்கிறான் என்பதை மட்டும் நெடுங்காலம் எவரும் அறியவில்லை. அவன் நான்தான்.

சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டேன். உறவினர்க்கும் நண்பர்க்கும் கொடுத்தவை போக, எஞ்சியவை கட்டிலுக்கடியில் கிடந்தன. "முகநூலில் எழுதுங்கள், அத்தா" என்று என் மகள் பலமுறை சொன்னாள். நான் மறுத்தேன். என் எழுத்தை நானே புகழ்வது முகஸ்துதியாகி விடாதா என்னும் அச்சம். பிறர் பார்க்க வேண்டுமென்று தொழுவோரை அல்-மாஊன் அத்தியாயம் எச்சரிப்பதைச் சிறுவயதிலேயே ஓதியவன் நான்.

என் மனத்தை மாற்றியவர் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம். அவருடைய 'காதலா கடமையா' நாவல் 1938இல் உ. வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளிவந்தது. ஆயினும் அவர் பெயரை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. நாகூர் ரூமி போன்றோர் இணையத்தில் எழுதிய பிறகே அறிந்தேன். அத்தகைய ஓர் எழுத்தாளரையே சொல்வாரின்றி மறந்த சமுதாயம், கட்டிலுக்கடியில் குனிந்து என்னைத் தேடுமா?

மகளே பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தாள். முதல் மாதம் நூலின் அட்டைப் படத்தையும் விலையையும் திரும்பத் திரும்ப இட்டேன். மைத்துனர்கள் விருப்பக்குறி இட்டார்கள். ஒரு பிரதியும் நகரவில்லை. ஒருநாள் ரயிலில் அமர்ந்து, நோன்புக் கஞ்சிக்காக என் தாயார் அரிசி நொய்யைப் புடைத்து வைக்கும் வழக்கத்தைப் பத்து வரிகளில் எழுதினேன். நூலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்றிரவு துபாயிலிருந்து ஒரு சகோதரர், "இப்படி இன்னும் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அங்கிருந்துதான் தொடங்கியது. மனுஷ்ய புத்திரன் தம் கவிதைகளை முகநூலில் எழுதிப் பின்னர் நூலாக்குவதன் பொருளும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசகர் முதலில் எழுத்தைச் சுவைக்கிறார். நூலைத் தேடுவது அதற்குப் பின்னரே.

பத்தியின் அடியில் பெயரை எழுதக் கற்றேன். இல்லையேல் வாட்ஸ்அப்பில் நம் எழுத்து எவர் பெயரிலோ நம்மிடமே திரும்பி வரும். எனக்கு இருமுறை வந்தது. கருத்திட்டவர்க்குப் பதில் எழுதினேன், பிற எழுத்தாளர்களின் நூல்களைப் பற்றியும் எழுதினேன். அல்ஹம்துலில்லாஹ், இன்று கட்டிலுக்கடியில் ஏறத்தாழ 40 பிரதிகளே உள்ளன.

ஆனால் நான் அஞ்சியதும் நடந்தது. ஒருநாள் பஜ்ருக்கு எழுந்து, உளூச் செய்யுமுன் கைபேசியை எடுத்து எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணிக் கொண்டிருந்தேன். என் மனைவி பார்த்துவிட்டார். "என்னங்க, உங்களை எழுப்பினது பாங்கா, போனா?" என்றார். என்னிடம் விடை இல்லை. புகாரித் தொகுப்பின் முதல் நபிமொழியே நிய்யத்தைப் பற்றியது என்பது அன்று முழுவதும் நெஞ்சில் உறுத்திற்று. அன்றே அறிவிப்பொலிகளை நிறுத்தினேன். இப்போது மாலை ரயிலில் மட்டும் பக்கத்தைத் திறக்கிறேன். திருவாலங்காடு வந்ததும் மூடிவிடுகிறேன். சில நாட்கள் தவறுவதும் உண்டு.

இவ்வூரில் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 31. பழையனூரைக் கோயிலுக்கு அளித்ததைச் சொல்ல வந்தவை, சோழர் குலப் பெருமையையும் விரிவாகப் பாடுகின்றன. மன்னர்க்கும் இந்த ஆசை இருந்தது என்று எண்ணிச் சில சமயம் சிரித்துக் கொள்வேன்.

சென்ற வாரம் ஒரு பெண்கள் மதரஸா நூலகத்திற்குப் பத்துப் பிரதிகள் இலவசமாகக் கொடுத்தேன். மகள் படம் எடுத்தாள். "இடலாமா, அத்தா?" என்றாள். வேண்டாம் என்றேன். தர்மத்தை வெளிப்படுத்துவதையும் அல்-பகரா அத்தியாயம் நல்லதென்றே சொல்கிறது, இதைப் பார்த்து வேறொருவர் அந்நூலகத்திற்குப் புத்தகம் தரமாட்டாரா என்று அவள் கேட்டாள். மறைத்துக் கொடுப்பதே மேலானது என்றும் அதே வசனம் சொல்கிறதே என்றேன். அந்தப் படம் இன்னும் என் கைபேசியில், இடப்படாமலே இருக்கிறது.