அச்சமும் திகிலும்

புலியைக் கண்டு நடுங்குவது அச்சம். எதைக் கண்டு நடுங்குகிறோம் என்றே சொல்லத் தெரியாமல் நடுங்குவது திகில். தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு காரணங்கள் கூறுகிறார்: வருத்தும் தெய்வமாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பின்னைய மூன்றும் கண்ணெதிரே நிற்பவை. திகில் பிறப்பது முதலாவதிலேதான்.

எங்கள் தாமிரவருணிக் கரையில் சுடலைமாடன் கொடையன்று, நடுநிசியில் சாமியாடி மயானத்துக்கு வேட்டைக்குப் போவார். ஊரே அஞ்சும். ஆயினும் அவ்வச்சத்துக்குப் பெயருண்டு, படையலுண்டு, பொழுது விடிந்தால் முடிவுமுண்டு.

திருநெல்வேலியில் கல்வி பயின்ற புதுமைப்பித்தன் எழுதி, 1943-ஆம் ஆண்டு வெளிவந்த 'காஞ்சனை'யில் அந்த ஆறுதல் இல்லை. கதை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வீடு. மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு அமர்த்திய பிச்சைக்காரி. நள்ளிரவில் பிணம் எரியும் வாடை. வந்தது பேயா, மனப்பிரமையா? ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை. கூறியிருந்தால் திகில் அப்பொழுதே செத்திருக்கும்.

"பேய் உண்டா, ஸார்?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. "இல்லை" என்பது எளிது. சோறூட்டப் பூச்சாண்டி காட்டும் வீடு கோழைகளை வளர்க்கிறது. நல்ல திகில் கதையோ, விளங்காததன் முன்னே ஓடாமல் நிற்கப் பழக்குகிறது. பிள்ளைகள் வளர்ந்தபின் அதைப் படிக்கட்டும். விளக்கை அணைக்காமலே படிக்கட்டும்!