திருப்பிப் படுக்க வைக்கும் முன்…

தீக்காய வார்டில் ஒரு நோயாளியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிப் படுக்க வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? திருப்புவதற்கு அரை நிமிடம். அதற்கு முன்னால் கால் மணி நேரம். வாசலில் நிற்கும் உறவினர்களுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் புரிவதில்லை. "புள்ள துடிக்கிறான், இவங்க அட்டையைப் பார்த்துப் படிச்சிட்டு நிக்கிறாங்களே!" என்று கோபம் வரும்.

அந்தச் சீனியர் சிஸ்டருக்கு இது இருபது வருடப் பழக்கம். கட்டில் தலைமாட்டில் லேமினேட் செய்த அட்டை ஒன்று தொங்கும். வலி ஊசி போட்டாச்சா? அது வேலை செய்ய நேரம் கொடுத்தாச்சா? புதிதாகத் தோல் வைத்த இடம் எது? டிரிப், சிறுநீர்க் குழாய் எந்தப் பக்கம்? தூக்க எத்தனை பேர்? ஒவ்வொன்றையும் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். மனதுக்குள் படித்தால் செல்லாது.

1935-ல் அமெரிக்காவில் ஒரு போயிங் சோதனை விமானம், வால் பகுதிப் பூட்டை எடுக்க மறந்ததால் விழுந்தது. அதன்பிறகு விமானிகளிடம் வந்த பழக்கம் இது. அறுவை அரங்குக்கான பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொடுத்தது. டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்தைய மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆனது. வார்டு அட்டை அதற்குத் தங்கை முறை.

திருப்பிய பிறகும் அட்டை முடியாது. கழுத்து வெந்தவருக்குத் தலையணை கூடாது. தலை முன்னால் சாய்ந்தபடியே ஆறினால் தாடை நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும். பிறகு அண்ணாந்து பார்க்கவே ஓர் ஆபரேஷன். அக்குள் வெந்திருந்தால் கையை அகட்டி வைக்க வேண்டும். காது வெந்திருந்தால் எதுவும் அழுத்தக் கூடாது. நோயாளிக்கு எது சுகமோ, பெரும்பாலும் அதுவே கெடுதல்! ஒரு அம்மா மகனுக்காக இலவம்பஞ்சுத் தலையணையைப் பேருந்தில் சுமந்து வந்தார். சிஸ்டர் அதை வாங்கி, வெந்த கையை உயர்த்தி வைக்கப் பயன்படுத்திக்கொண்டார். "தலைக்கு மட்டும் வேணாம்மா. கைக்கு நல்லதுதான், வீக்கம் வடியும்." வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தால் அந்த அம்மா என்ன ஆகியிருப்பார்!

அதே பையனுக்கு நான்காம் நாள் இரவு. சுவாசக் குழாய் போட்டிருந்தது. வெந்த முகத்தில் பிளாஸ்டர் ஒட்டாது; துணி நாடாவால்தான் கட்டுவார்கள். முகம் வீங்கும்போது நாடா இறுக்கும், வீக்கம் வடிந்தால் தளரும். திருப்பும்போது குழாய் நழுவிவிட்டால், வீங்கிய தொண்டையில் திரும்பப் போடுவது டாக்டருக்கே பெரும்பாடு.

அன்று அட்டையைப் படித்தது, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான உதவியாளர் பெண். நான்கு பேர் விரிப்பைப் பிடித்தாகிவிட்டது. தலைமாட்டில் சிஸ்டர் குழாயைப் பிடித்தபடி "ஒண்ணு, ரெண்டு…" என்று எண்ணத் தொடங்கிவிட்டார்.

"சிஸ்டர், நில்லுங்க. குழாய்க் கட்டு இன்னும் சொல்லலை. கன்னத்துல நாடா தொங்குற மாதிரி இருக்கு."

சிஸ்டர் நாடாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்று நுழைய வேண்டிய இடத்தில் மூன்று விரல் போனது. நான்கு பேரும் விரிப்பைக் கீழே விட்டார்கள். டாக்டர் வந்து குழாயின் அளவைப் பார்த்து, புது நாடா கட்டி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

"இப்ப மறுபடி முதல்லேருந்து படி," என்றார் சிஸ்டர்.