பழி அப்பா மேல... பழுது சென்சாரில்!

சிக்னலைப் பார்த்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கிளட்ச்சை மிதித்து, பிரேக் பிடித்து, கார் நிற்கப்போகிற நொடியில் இன்ஜின் அணைந்துவிடும். பின்னாலிருந்து ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்.

திருச்சியில் இருக்கும் அந்த அப்பாவுக்கு வயது 68. கார், 2006 மாடல். மனைவியை வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு அழைத்துப்போவது அதில்தான்.

''கால் நிதானம் போயிடுச்சுப்பா. வண்டியை வித்துடலாம். கால் டாக்ஸி புக் பண்ணித் தர்றேன்'' என்றான் மகன். அக்கறையோடு சொன்னதுதான். ஆனாலும் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். இன்னோர் இடத்தில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். குறை தீரவில்லை. 'ஒருவேளை என் கால்தானோ' என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விடை அவர் டைரியில் இருந்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதி வைப்பது பழக்கம். கடைசிக் கணக்கில் 20 லிட்டருக்கு 61 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. எப்படி? ஸ்பீடோமீட்டர் முள் அவ்வப்போது பூஜ்யத்தில் விழுவது அப்போதுதான் உறைத்தது. 'பழைய வண்டி, முள்தானே' என்று விட்டிருந்தார்.

டைரியோடு தெருமுனை மெக்கானிக்கிடம் போனார். ''ரெண்டும் ஒரே வியாதியா இருக்கலாம் சார்'' என்றார் அவர். கியர்பாக்ஸில் இருக்கும் ஸ்பீடு சென்சார்தான் முள்ளுக்கும் கிலோமீட்டருக்கும் கணக்குச் சொல்கிறது. இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் அதே தகவல்தான் போகிறது. தகவல் வராவிட்டால், சில கார்களில் வண்டி நிற்கும்போது ஐடிலிங் தடுமாறி இன்ஜின் அணைந்துவிடும்.

ஸ்கேனரில் பி0500 என்று வந்தது. ஸ்பீடு சென்சார் பக்கம் கோளாறு என்று அர்த்தம்.

''அப்போ சென்சாரை மாத்திடலாமா தம்பி?''

''அவசரப்படாதீங்க சார். ஒயர் அறுந்திருந்தாலும், கனெக்டர்ல பச்சை பிடிச்சிருந்தாலும் இதே கோடுதான் வரும்.''

ஃபியூஸ் நன்றாக இருந்தது. கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்ததில் 12 வோல்ட் வந்தது, எர்த்தும் சரி. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். நியூட்ரலில் சாவியை ஆன் செய்து, சக்கரத்தைக் கையால் மெள்ளச் சுழற்றினார். சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி ஏறி இறங்க வேண்டும். மீட்டர் அசையவே இல்லை. சென்சாரைக் கழற்றிப் பார்த்தால், அதைச் சுழற்றும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் தேயாமல் இருந்தது. ஆக, சென்சாரேதான் போயிருக்கிறது.

புதியதை மாட்டி மறுபடி சுழற்றினார். மீட்டர் ஏறி இறங்கியது. கோடை அழித்துவிட்டு, செல்போன் ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டபடி ஒரு ரவுண்டு ஓட்டியதில், முள்ளும் ஏறக்குறைய அதே வேகத்தைக் காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார். வழியில் நான்கு சிக்னல்கள். ஒன்றில்கூட இன்ஜின் அணையவில்லை.

''ஸாரிப்பா'' என்றான் மகன்.

''விடுடா. ஆனா ராத்திரி நேரத்துல ஹைவேல இனி நான் ஓட்டலை. எதிர் வெளிச்சம் கண்ணைக் கூசுது. அது சென்சார் இல்ல... என் வயசுதான்'' என்று சிரித்தார் அவர்.